கறளின் மேல் பூசாதீர்கள்: வெற்று இரும்புக்குப் பொலியூரித்தேன் பூச்சு

ஒரு பக்கம் புன்னைக்குடாக் கடல், மறு பக்கம் மட்டக்களப்பு வாவி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஏறாவூரில் இரும்புக்கு ஆயுள் குறைவு என்பதை நாம் அறிவோம். கேற், யன்னல் கிறில், நீரிறைக்கும் இயந்திரத்தின் தாங்கி, உழவு இயந்திரப் பெட்டி யாவும் ஒரு மாரி கழிந்ததும் கறள் கட்டத் தொடங்குகின்றன. கடன்பட்டு வாங்கிய பெட்டியைக் கடன் தீருமுன்னரே கறள் தின்றுவிட்டால், அது ஒரு குடும்பத்தின் உழைப்பையே தின்றதாகும்.

ஆனாலும் வாவியருகே இரும்பு நிலைக்காது என்று சொல்வதற்கில்லை. 1924இல் திறக்கப்பட்ட கல்லடி இரும்புப் பாலம் இன்றும் நிற்கிறது. 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்படும் வரை ஏறத்தாழ 90 ஆண்டுகள் வாகனங்களை அதுவே சுமந்தது. இரும்பின் ஆயுளைப் பராமரிப்பே தீர்மானிக்கிறது.

கறள் எவ்வாறு உண்டாகிறது?

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் மூன்றும் சேரும்போது கறள் பிறக்கிறது. உப்பு அதை விரைவுபடுத்துகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் மழையில்லாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கும். கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆகவே பூச்சின் கீழ் சிறிது கறளோ உப்போ எஞ்சினாலும், அது உள்ளிருந்தே பூச்சைக் கிளப்பிவிடும்.

பொலியூரித்தேன் என்றால் என்ன?

1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயரும் அவரது குழுவினரும் கண்டுபிடித்த பொருள் வகை இது. நாம் இங்கு பேசும் பூச்சு இரண்டு ரின்களில் வரும்: ஒன்று நிறப்பூச்சு, மற்றது இறுக்கி. இரண்டும் கலந்ததும் இரசாயன மாற்றம் நிகழ்ந்து, பளபளப்பான உறுதியான படலம் உண்டாகும். வெளி வேலைக்கென விற்கப்படும் வகை வெயிலையும் உராய்வையும் நன்கு தாங்கும்.

ஆனால் அது மேற்பூச்சு மட்டுமே. வெற்று இரும்பில் அது நன்கு பிடிக்காது. கறளைத் தடுக்கும் பொருளும் அதில் இல்லை. ஆகவே கீழே இரு ரின் எபொக்சி பிறைமர் அவசியம். வழக்கமான சிவப்பு ஒக்சைட் பிறைமரின் மேல் பொலியூரித்தேன் பூசினால், அதன் கரைப்பான் கீழ்ப்பூச்சை இளக்கிச் சுருங்கச் செய்யும்.

வேலை முறை

1. காலம்: கச்சான் வீசும் வரண்ட மாதங்கள் ஏற்றவை. காலைப் பனி உலர்ந்த பின் தொடங்கி, பிற்பகலில் முடித்துவிடுங்கள். ஈரப்பதன் 85 சதவீதத்துக்கு மேற்பட்டால் பூசலாகாது. ஈரம் இறுக்கியுடன் சேர்ந்து வாயுவை உண்டாக்கும். படலத்தில் ஊசித் துளைகள் விழும்.

2. கழுவுதல்: முதலில் எண்ணெய், கிறீஸ் போகச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பின் நல்ல தண்ணீரால் பலமுறை அலசுங்கள். சவர்த் தண்ணீர் ஆகாது. அது மீண்டும் உப்பைப் பூசுவதாகும். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் எண்ணெய் உண்டு.

3. கறள் நீக்கல்: கம்பித் தூரிகை, எமரித்தாள் அல்லது அரைக்கும் இயந்திரத்தால் பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை தேயுங்கள். குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். ஆதலால் தேய்த்த பின் மறுபடியும் அலசி, உடனே உலர்த்துங்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அதை நனைத்துத் தேய்ப்பதே பாதுகாப்பு.

4. பிறைமர்: சுத்தமாக்கிய இரும்பை இரவு முழுதும் விடாமல் அன்றே பிறைமர் பூசுங்கள். விளிம்புகளுக்கும் வெல்டிங் பொருத்துகளுக்கும் முதலில் தூரிகையால் தனியாக ஒரு பூச்சுக் கொடுத்து, பின் முழுவதும் இருமுறை பூசுங்கள்.

5. மேற்பூச்சு: ரின்னில் குறித்த விகிதத்தை அளந்து கலவுங்கள், கண்மட்டம் வேண்டாம். சில மணி நேரத்தில் முடிக்கக்கூடிய அளவையே கலக்கவும். அதற்குரிய தின்னரையே பாவிக்கவும். பிறைமருக்குக் குறித்த இடைவேளை கடந்துவிட்டால் இலேசாகத் தேய்த்த பின்னரே பூச வேண்டும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு மேலானவை.

நாகம் பூசிய தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் வேறு பிறைமர் தேவை. விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

உயிருக்குப் பாதுகாப்பு

இறுக்கியில் ஐசோசயனேற்று என்னும் பொருள் உண்டு. அதன் ஆவியும் தூவலும் நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கலாம். ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவும் மூச்சைத் திணற வைக்கும். துணியால் மூக்கைக் கட்டுவது இதற்குப் போதாது. சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லாமல் இதை விசிறிப் பூசவே கூடாது. திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கம் வீச, இறப்பர்க் கையுறையணிந்து தூரிகையால் பூசுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பீடியும் நெருப்பும் வேண்டாம். வேலைக்குப் பின் இரவில் இருமலோ நெஞ்சிறுக்கமோ வந்தால் வைத்தியரிடம் சென்று, என்ன பூச்சு என்பதையும் சொல்லுங்கள். பட்டறையில் தொழில் பழக வரும் இளைஞர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பது முதலாளியின் கடமை.

மீதித் தின்னரை வாவியிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள்.

வசதி குறைந்தோருக்கு

பொலியூரித்தேன் விலை கூடியது. பணம் போதாதவர்கள் மனந்தளர வேண்டாம். நன்கு சுத்தமாக்கிய இரும்பில் சாதாரண கறள்தடுப்புப் பிறைமரும் எனமல் பெயின்றும் பூசினால், கறளின் மேல் பூசிய பொலியூரித்தேனைவிட அது நீடித்து உழைக்கும். கூடுதலாகச் செலவிட வேண்டியது கையுழைப்பையே. மாரிக்கு முன் ஆண்டுதோறும் பார்வையிட்டு, சிறு கீறலையும் உடனே சீர்செய்யுங்கள்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு அழியும் செல்வத்துக்கு எடுத்துக்காட்டாகத் துருவையும் குறிப்பிட்டார். பொருளில் மனதை வைக்காதிருப்பது ஒன்று. ஏழையின் கருவியை அழிய விடுவது வேறொன்று. ஒப்படைக்கப்பட்டதைப் பேணுவதும் விசுவாசத்தின் ஒரு பகுதியே.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டில் அல்லது சங்கத்தில் கறள் கட்டும் பொருட்கள் எவை? முதலில் காக்க வேண்டியது எது?
2. கழுவ நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்?
3. அரைக்கும் இயந்திரம் ஒன்றைச் சங்கமாகச் சேர்ந்து வாங்கிப் பாவிக்க முடியுமா?
4. உங்கள் ஊர்ப் பட்டறையில் விசிறிப் பூசுவோருக்கு என்ன பாதுகாப்பு உண்டு?