பேரனைக் கண்டும் மனம் மலரவில்லையே!

கேள்வி: எனக்கு 54 வயது. சிறுநீரகச் செயலிழப்பால் ஓராண்டாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். சில மாதங்களாக எதிலும் பிடிப்பில்லை. பேரன் ஓடி வந்தால்கூடத் தூக்கத் தோன்றவில்லை. 'டிப்ரஷன்' என்கிறார் டாக்டர். ஏற்கெனவே கை நிறைய மாத்திரை விழுங்குகிறேன். இதற்கும் மாத்திரைதானா?

- வாசகி, மதுரை

மனநல மருத்துவர் பதில்: லேசான, மிதமான மனச்சோர்வு என்றால் மாத்திரை இல்லாமலும் சமாளிக்கலாம். முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம். அசதி, பசியின்மை, தூக்கக்கேடு மூன்றும் சிறுநீரக நோயிலும் வரும், மனச்சோர்விலும் வரும். ஹீமோகுளோபின், தைராய்டு அளவுகளையும் டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். குறை இருந்து சரிசெய்தால் உடம்பு தெளியும். ஆனால், பேரனைக் கண்டும் மனம் மலராததற்கு ரத்தசோகை மட்டும் காரணமாக இருக்காது.

அதற்கு மனநல ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசும் சிகிச்சை உதவும். ஆலோசகர் சம்மதித்தால், டயாலிசிஸ் நடக்கும் அந்த நான்கு மணி நேரத்திலேயே பேசலாம். அங்கே தூங்கித் தூங்கி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

'மனசு வரட்டும், செய்யலாம்' என்று காத்திருக்க வேண்டாம். செய்யச் செய்யத்தான் மனசு வரும். டயாலிசிஸ் அன்று உடம்பு துவண்டுவிடும், அன்று ஓய்வெடுங்கள். மறுநாள் காலை பத்து நிமிட நடை, பூக்கட்டுவது, நெருங்கியவர்களிடம் போனில் பேசுவது என்று நேரம் குறித்துச் செய்யுங்கள். டயாலிசிஸுக்காக பிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது. பேரனை மடியில் உட்காரவைத்துக் கொஞ்சுங்கள், போதும்.

மனசுக்கு நல்லது என்று யாராவது லேகியமோ சூரணமோ கொடுத்தால், சிறுநீரக மருத்துவரிடம் காட்டாமல் வாயில் வைக்காதீர்கள். சில மூலிகைகளும் உலோகம் கலந்த மருந்துகளும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆபத்தானவை.

ஆறு முதல் எட்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மாத்திரை பற்றி யோசிக்கத்தான் வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஏற்றபடி அளவு பார்த்துத் தரக்கூடிய மருந்துகள் உண்டு. ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

'டயாலிசிஸே வேண்டாம், செத்தால் தேவலை' என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் மனநல உதவி சேவையின் இலவச எண் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.