நகரோர நஞ்சையை விற்பவர் கவனிக்க வேண்டிய வரி விதிகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களின் ஓரத்தில் நஞ்சை வைத்திருப்பவர்களைத் தேடி மனை வாங்குவோர் வருகிறார்கள். பாகப்பிரிவினை, மகள் திருமணம், வாய்க்காலில் தண்ணீர் எட்டாமை என்று விற்பதற்குக் காரணங்கள் பல. விற்பது அவரவர் விருப்பம். ஆனால் அந்தப் பணத்தில் உட்கிராமத்தில் வேறு நிலம் வாங்க எண்ணுகிறவர், கிரயம் எழுதும் முன்பே வருமான வரி விதிகள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வேலி நஞ்சையை விற்றவர் இரண்டு மா நிலத்தின் விலைக்கு மேல் வரியாகக் கட்ட நேர்வதும், ஒன்றுமே கட்டாமல் இருப்பதும் இவற்றைப் பொறுத்தே அமையும்.

'விவசாய வருமானத்துக்குத்தான் வரி இல்லையே?' என்று பலர் கேட்கிறார்கள். நெல் விற்ற பணம் வேறு, நிலம் விற்ற பணம் வேறு. 1970-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் நகரங்களையும் அவற்றை ஒட்டியும் உள்ள விளைநிலங்களை மூலதனச் சொத்தாக்கியது. அவற்றை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்துக்கு வரி உண்டு. உட்கிராம விளைநிலத்துக்கு இன்றும் இல்லை.

உங்கள் நிலம் எந்த வகை?

மக்கள்தொகை பத்தாயிரத்துக்குக் குறையாத பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் அது நகர நிலம். எல்லைக்கு வெளியே தூரத்தைப் பார்க்க வேண்டும். ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சம் வரை இருந்தால் 2 கிலோமீட்டர், அதற்கு மேல் பத்து லட்சம் வரை 6 கிலோமீட்டர், அதையும் தாண்டினால் 8 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி தஞ்சாவூரும் கும்பகோணமும் ஒரு லட்சத்தைத் தாண்டியவை. ஆகவே 6 கிலோமீட்டர். மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டைக்கு 2 கிலோமீட்டர்.

இந்தத் தூரம் நேர்க்கோட்டில் அளக்கப்படுகிறது. சாலைத் தூரமா, நேர்த் தூரமா என்று முன்பு வழக்குகள் நடந்தன. 2013-ஆம் ஆண்டின் திருத்தம் அதைத் தீர்த்துவிட்டது. வெண்ணாற்றுக்கு அக்கரையில் உள்ள வயலுக்குப் பாலத்தைச் சுற்றிப் போக ஒன்பது கிலோமீட்டர் ஆகலாம். எல்லையிலிருந்து நேராக ஐந்தே என்றால் அது தஞ்சாவூரைச் சேர்ந்த நகர நிலமே. எல்லை விரிவதையும் கவனிக்க வேண்டும். தஞ்சாவூர் 2014-இலும் கும்பகோணம் 2021-இலும் மாநகராட்சிகளாயின.

வேறு நிலம் வாங்கினால்

நகர நிலம் என்றதும் மனம் தளர வேண்டாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54பி பிரிவு விவசாயிக்கு ஒரு சலுகை தருகிறது. விற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வேறு விளைநிலம் வாங்கினால், வாங்கிய விலை அளவுக்கு ஆதாயத்தின் மீது வரி இல்லை. இதற்கு உச்சவரம்புத் தொகையும் கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் செய்யும் விற்பனைகளுக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் பொருந்தும். அதில் பிரிவு எண் மாறியிருக்கிறது, சலுகை தொடர்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். பரம்பரையாக வந்த மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், 80 லட்சத்துக்கு விலைபோகிறது. 2001 ஏப்ரல் முதல் தேதியில் அதன் மதிப்பு 4 லட்சம். (அன்றைய வழிகாட்டு மதிப்புக்கு மேல் காட்ட இயலாது.) ஆதாயம் 76 லட்சம், 12.5 சதவீதம் வரி 9 லட்சத்து 50 ஆயிரம். மேல்வரியும் கூடுதல் தீர்வையும் தனி. 60 லட்சத்துக்கு நிலம் வாங்கினால் மீதி 16 லட்சத்துக்கு மட்டும் 2 லட்சம் வரி. அந்த 16 லட்சத்தையும் ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி. போன்ற நிறுவனங்களின் ஐந்தாண்டு வரிவிலக்குப் பத்திரங்களில் போட்டால் அதுவும் இல்லை. 2001-ஆம் ஆண்டு மதிப்பு அதிகமாக இருந்த நிலமானால், விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம் கட்டுவது சில வேளை குறைவாக வரும். 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த நிலத்துக்கு இந்த வசதி உண்டு. இரண்டையும் போட்டுப் பார்ப்பது நலம்.

இது முழு விடுதலை அன்று, ஒருவகைத் தள்ளிவைப்பு. புதிய நிலமும் நகர நிலமாக இருந்து, அதை மூன்று ஆண்டுக்குள் விற்றால், விலக்குப் பெற்ற தொகை அதன் வாங்கிய விலையிலிருந்து கழிக்கப்பட்டு, பழைய ஆதாயமும் அப்போது வரிக்கு வந்து சேரும். புதிய நிலத்தை விற்றவர் பெயரிலேயே வாங்க வேண்டும். மகன் பெயரில் வாங்கி வழக்காடியவர்கள் உண்டு.

பணத்தை எங்கே வைப்பது?

நல்ல நிலம் அமைய நாளாகும். அதுவரை சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தால் போதாது. வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள், செலவாகாத தொகையை மூலதன ஆதாயக் கணக்குத் திட்டம், 1988-இன் கீழ் வங்கியில் செலுத்த வேண்டும். வங்கிகளின் கிராமக் கிளைகளில் இக்கணக்கு திறக்க முடியாது. நகரக் கிளைக்குச் செல்ல வேண்டும். இரண்டு ஆண்டில் நிலம் வாங்காவிட்டால் மீதித் தொகைக்கு அப்போது வரி வரும்.

சாலை போன்ற பொதுப்பணிக்கு அரசு கட்டாயமாக எடுத்த நிலத்தின் இழப்பீட்டுக்கு விதி தனி. அதற்கு விலக்கு உண்டு. அதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடங்கலே சாட்சி

சலுகை கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான். விற்பதற்கு முந்திய இரண்டு ஆண்டும் நிலத்தில் நீங்களோ உங்கள் தாய் தந்தையரோ பயிர் செய்திருக்க வேண்டும். விலை படியட்டும் என்று இரண்டு வருடம் தரிசாகப் போட்டவருக்கும், முன்கூட்டியே கல் நட்டு மனை பிரித்தவருக்கும் இதை நிரூபிப்பது கடினம். மனையாக்கிய நிலம் உட்கிராமத்தில் இருந்தாலும் அதை விளைநிலம் என்று சொல்லித் தப்ப முடியாது. குத்தகைக்கு விட்டவர்கள் விற்கும் முன்பே தணிக்கையாளரைக் கலந்துகொள்ள வேண்டும். அவர்கள் நிலை சிக்கலானது.

ஆகவே பேரம் முடியும் வரை குறுவையோ சம்பாவோ நடவை நிறுத்தாதீர்கள். குறுவைக்குத் தண்ணீர் இல்லையென்றால் உளுந்தாவது தெளியுங்கள். பயிர் வைத்தால் மட்டும் போதாது. கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் அதைப் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். பசலி ஜூலையில் தொடங்குவதால், இரண்டு ஆண்டைக் காட்ட மூன்று பசலிகளின் அடங்கல் நகல் தேவைப்படலாம். நேரடி நெல் கொள்முதல் நிலைய ரசீது, கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் புத்தகம், பயிர்க் காப்பீட்டுச் சீட்டு, உரம் வாங்கிய பட்டியல் ஆகியவற்றையும் சேர்த்து, புதிய நிலத்தின் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள்.