தொழில் பாடம்: இரண்டு உலோகம் சேரும் இடம்



நான் வெல்டிங் பட்டறையில் சேர்ந்த புதுசு. கடலோர நடைபாதை ஒன்றுக்குக் கூரை போட்டோம். தாங்கும் தகடெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதே ரக போல்ட்டு தீர்ந்துபோச்சு. பெட்டியில் துத்தநாகம் பூசிய இரும்பு போல்ட்டு இருந்தது. “இதுவும் துரு பிடிக்காததுதானே” என்று அதையே முடுக்கிவிட்டேன்.

ஐந்து வருஷம் கழித்துப் பராமரிப்புக்குப் போனேன். தகடு பளபளவென்று இருந்தது. ஸ்பானர் வைத்ததும் போல்ட்டுத் தலை முறிந்து கையில் விழுந்தது. கீழே பிள்ளைகள் நடந்துபோகிற பாதை! அன்றைக்கு நான் கற்ற பாடம் இது.

ஏன் இப்படி?

இதற்குக் கால்வானிக் அரிப்பு என்று பெயர். இரண்டு வேறு உலோகம், அவை ஒன்றையொன்று தொடுவது, நடுவில் ஈரம். மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. ஒரு உலோகம் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துக் கரையும், மற்றது தப்பிக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் கடலோரத்தில் வேகம் அதிகம்.

எது கரையும்? இந்த வரிசையில் முன்னால் நிற்பதுதான்: துத்தநாகம், அலுமினியம், இரும்பு, செம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வரிசையில் இடைவெளி கூடினால் ஆபத்தும் பொதுவாகக் கூடும்.

அளவும் முக்கியம். என் வேலையில் தகடு பெரிசு, போல்ட்டு சின்னது. பெரிய தகடு இழுத்த மின்னோட்டம் முழுவதையும் அந்தச் சின்ன போல்ட்டே தாங்கணும். முதலில் பூச்சு போனது, பிறகு இரும்பும் போனது.

பெரிய உதாரணம்

நியூயார்க் சுதந்திர தேவி சிலை 1886-இல் திறக்கப்பட்டது. வெளியே சுமார் 2.4 மில்லிமீட்டர் செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் அரக்கில் நனைத்த கல்நார் வைத்திருந்தார்கள். காலப்போக்கில் அது வீணானது. இரும்பு துருப்பிடித்து உப்பி, செம்பைப் பிடித்திருந்த ரிவெட்டுகளையே பிடுங்கிவிட்டது. 1986-இல் முடிந்த சீரமைப்பில் இரும்புப் பட்டைகளை மாற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டைகள் போட்டு, நடுவில் டெஃப்லான் வைத்தார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. முடிந்தவரை ஒரே உலோகம் போடுங்க. முடியாவிட்டால், போல்ட்டு தகட்டைவிட வரிசையில் பின்னால் இருக்கட்டும்.

2. தொடாமல் பிரிங்க. வாஷர் மட்டும் போதாது. போல்ட்டுத் தண்டு துளையைத் தொடாதபடி பிளாஸ்டிக் குழாயுறையும் வேணும். ஆனால் மெத்தென்ற வாஷர் நசுங்கினால் போல்ட்டின் பிடி தளரும். பாரம் தாங்கும் இணைப்பில் பொறியாளரைக் கேட்காமல் போடாதீங்க.

3. தண்ணீர் தேங்க விடாதீங்க. இடுக்கை அடைத்து, வழியும் சரிவு வையுங்க.

4. பெயிண்டை இரண்டிலும் அடிங்க. கரையும் உலோகத்துக்கு மட்டும் அடித்தால், ஒரு சின்னக் கீறலிலேயே முழு அரிப்பும் குவிந்து ஓட்டை விழும். ஒன்றுக்குத்தான் அடிக்க முடியும் என்றால், கரையாத உலோகத்துக்கு அடிங்க.

சிந்திக்க

இரும்பில் துத்தநாகம் பூசுவதும் இதே விதிதான். அங்கே துத்தநாகம் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. அப்படியானால் என் போல்ட்டை அது ஏன் காப்பாற்றவில்லை? பாடத்தைத் திரும்பப் படியுங்க, பதில் உள்ளேயே இருக்கு.

வீட்டு ஓரத்துக் கூரையை இந்த வாரம் ஒருமுறை அண்ணாந்து பாருங்க. தகடு எது, போல்ட்டு எது?