இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படிச்சா லாபமா? நஷ்டமா?

எங்க வீட்டில் ஒரு மாசமா நடக்கிற சண்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சண்டைன்னாலும் இதில் கணக்கு, வரலாறு ரெண்டும் இருக்கு. அதனால பாடக் கட்டுரையாகவே எடுத்துக்கோங்க.

எங்க அக்கா பிளஸ் டூ முடிச்சிட்டா. அவள் சேர ஆசைப்படுவது பி.இ. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். அப்பா, "பேரே கேட்டதில்லையே அம்மிணி, அதைப் படிச்சு யாருக்கு வேலை கிடைச்சுது? செக்கிங் வேலைக்குப் போனா இந்த மாசமே சம்பளம்" என்கிறார். அம்மா மட்டும் ஒண்ணும் பேசலை. ஏன்னா எங்க வீட்டில் அந்தப் படிப்பைத் தெரிஞ்சவங்க அம்மா ஒருத்தர்தான்.

அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். லைனில் உட்கார்ந்து தைக்கும்போது பின்னாடி ஒருத்தர் ஸ்டாப் வாட்சோடு வந்து நிற்பாராம். அவரை எல்லாரும் "ஐ.இ. சார்" என்றுதான் கூப்பிடுவாங்க. ஐ.இ. என்றால் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். அவர் வந்துபோன மறுநாள் டார்கெட் மாறும்.

அவர் என்ன செய்கிறார் என்று அக்காவும் நானும் படித்துப் பார்த்தோம். இது நம்ம ஒன்பதாம் வகுப்புச் சராசரிக் கணக்குதான். பனியனுக்குக் கை வைக்கிற வேலையை ஐந்து தடவை அளந்தார் என்று வைத்துக்கொள்வோம்.

40 + 42 + 38 + 44 + 41 = 205 வினாடி
சராசரி 205 ÷ 5 = 41 வினாடி

ஒரு மணி நேரத்துக்கு 3600 வினாடி. 3600 ÷ 41 = 87 பீஸ். ஆனால் இப்படி டார்கெட் போட்டால் தப்பு. மனுஷங்க மெஷின் இல்லையே! தண்ணி குடிக்கணும், பாத்ரூம் போகணும், நூல் அறுந்தா கோர்க்கணும். அதுக்காக நேரம் சேர்க்கணும். அதுக்குப் பேர் அலவன்ஸ். 20 சதவீதம் சேர்த்தால் 41 × 1.2 = 49.2 வினாடி. இப்போ 3600 ÷ 49.2 = 73 பீஸ்.

87-க்கும் 73-க்கும் வித்தியாசம் 14 பீஸ். எட்டு மணி நேர ஷிப்ட்டுக்கு 112 பீஸ். நான் இதை நோட்டில் போட்டுக் காட்டினதும் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "அப்போ நான் தண்ணி குடிக்கிறது இந்த இருபதுலதான் இருக்குதா கண்ணு?" என்று கேட்டாங்க. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வுப் புத்தகத்தில் ஒரு அட்டவணை உண்டு. அதில் சொந்தத் தேவைக்காக ஆண்களுக்கு 5 சதவீதமும் பெண்களுக்கு 7 சதவீதமும் போட்டிருக்கு. களைப்புக்குத் தனியா 4. இதை அம்மாகிட்ட ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர் என்பவர் (1856-1915) வேலையை வாட்ச் வைத்து அளக்கும் முறையைப் பரப்பினார். 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் இந்த வாட்சை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தாங்க. அது அவங்க நாடாளுமன்றம் வரைக்கும் போய், 1915-ல் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் ஸ்டாப் வாட்ச் அளவையே தடை பண்ணினாங்க. நூறு வருஷம் முன்னாடியே எங்க அம்மா மாதிரி ஆட்கள் இருந்திருக்காங்க!

அதே காலத்தில் பிராங்க் கில்பிரெத் என்பவர் வேறு மாதிரி யோசித்தார். அவர் கட்டட வேலைக்காரர். ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தனார் 18 அசைவு செய்வதைக் கவனித்து, செங்கல்லைக் குனியாமல் எடுக்கிற உயரத்தில் வைத்து அதை 5 ஆகக் குறைத்தார். அவர் மனைவி லில்லியன் கில்பிரெத் இன்னும் பெரிய ஆள். 1924-ல் கணவர் இறந்த பிறகு 11 பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இந்த வேலையையும் செய்தார். காலால் மிதித்தால் மூடி திறக்கிற குப்பைத் தொட்டி அவர் யோசனைதான். 1965-ல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமிக்குத் தேர்வான முதல் பெண் அவர். அக்கா லில்லியன் கட்சி. நானும்தான்.

சரி, இப்போ பணக் கணக்குக்கு வருவோம். அப்பாவோட சண்டை இதில்தான்.

அப்பா சொல்கிறபடி அக்கா செக்கிங் வேலைக்குப் போனால் ஒரு ஷிப்ட்டுக்கு 400 ரூபாய். மாசம் 26 ஷிப்ட் போட்டால் 10,400. வருஷத்துக்கு 1,24,800. நாலு வருஷத்துக்கு 4,99,200. காலேஜ் போனால் இது வராது. பீஸ் கட்டினால்தான் செலவு என்று நினைக்கிறோம். வராத சம்பளமும் செலவுதான். இதில் அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2021-ல் வந்த சட்டப்படி இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அந்தச் சீட்டுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாயும் வரும். நாலு வருஷத்துக்கு 48,000. அப்போ நிஜமான செலவு 4,99,200 - 48,000 = 4,51,200. படித்து முடித்ததும் 20,000 சம்பளம் என்று வைத்துக்கொண்டால், செக்கிங் சம்பளத்தைவிட மாசம் 9,600 கூட. 4,51,200 ÷ 9,600 = 47 மாசம். அக்காவுக்கு 26 வயசு ஆகும்போது போட்டது திரும்பி வந்துடும்.

இன்னொரு வழியும் வந்தது. ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, "கவுன்சிலிங்கே வேண்டாம், நேரா சீட்டு வாங்கித் தர்றேன், வருஷம் ஒரு லட்சம்தான், பேங்க் லோன் கிடைக்கும்" என்றார். நான் 4 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, 5 வருஷம் என்று போட்டு 2 லட்சம் வட்டி என்று எழுதினேன். கணக்கு சார் அதை அடித்துவிட்டார். லோன் வருஷத்துக்கு ஒரு லட்சமாகத்தான் கொடுப்பாங்களாம். முதல் லட்சத்துக்கு 5 வருஷ வட்டி, அடுத்ததுக்கு 4, அப்புறம் 3, 2. ஆக 50,000 + 40,000 + 30,000 + 20,000 = 1,40,000. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும்போது கடன் 5,40,000. வராத சம்பளத்தையும் கூட்டி 48,000-ஐக் கழித்தால் 9,91,200. மேலே மாதிரி வகுத்தால் 103 மாசம். எட்டரை வருஷத்துக்கு மேல. இதில் விடுதிச் செலவே இல்லை, தவணை கட்டுகிற காலத்து வட்டியும் இல்லை. அக்காவுக்கு முப்பது வயசு தாண்டிடும். படிப்பு ஒண்ணுதான், சீட்டு எந்த வழியில் வருதுங்கறதுலதான் லாபமும் நஷ்டமும்.

என் கணக்கில் ஓட்டை இருக்கு என்பதையும் சொல்லிடறேன். நாலு வருஷத்தில் செக்கிங் சம்பளமும் ஏறும். அக்காவுக்கு உடனே வேலை கிடைக்காமலும் போகலாம். அதே சமயம் நாற்பது வயசுக்கு மேல என்ன ஆகும் என்பதும் இதில் இல்லை. எங்க அம்மாவுக்கு 41 வயசு. இப்பவே ஊசியில் நூல் கோர்க்க என்னைத்தான் கூப்பிடறாங்க.

இன்னொரு விஷயம். அம்மா கம்பெனி ஐ.இ. சார் படித்தது டெக்ஸ்டைல் டிப்ளமோவாம். அதனால திருப்பூர் வேலை மட்டும் போதும் என்றால் இந்தப் பட்டம் கட்டாயம் இல்லை. பத்தாவது முடித்து மூன்று வருஷம் பாலிடெக்னிக் படித்தால், பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். பட்டம் இருந்தால் ஒரகடம் பக்கம் கார் கம்பெனி, பெரிய குடோன், ஆஸ்பத்திரி என்று வாசல் அதிகம். இந்தப் பேரிலேயே படிப்பு இருப்பது சென்னை கிண்டி இன்ஜினியரிங் காலேஜில். 1794-ல் சர்வே பள்ளியாக ஆரம்பித்த காலேஜ் அது. அங்கே கிடைக்கலைன்னா கவுன்சிலிங்லயே மெக்கானிக்கல் அல்லது புரொடக்‌ஷன் எடுக்கலாம், ஏஜென்ட் சீட்டு வேண்டாம் என்பது என் கருத்து. அக்கா முதல்ல முறைச்சா, இப்போ ஒத்துக்கிட்டா.

என் வகுப்புத் தோழிகளுக்கு ஒண்ணு. பதினொண்ணாவதுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், இந்த 7.5 சதவீதத்தைச் சொல்லுங்க. நடுவில் மாறினால் அது போயிடும். பிளஸ் ஒன்னில் கணக்கு, இயற்பியல், வேதியியல் இருக்கிற குரூப் எடுக்கணும். கட் ஆப் 200-ல் கணக்குக்கு மட்டும் 100.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா என் நோட்டை வாங்கி 47 மாசத்தை மறுபடி வகுத்துப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை, ஏஜென்ட் நம்பரை மட்டும் போனில் இருந்து அழிச்சிட்டார். அம்மா அப்போதான் வாயைத் திறந்தாங்க. "போய்ப் படி கண்ணு. ஆனா வாட்சைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஷிப்ட் உட்கார்ந்து தைச்சுப் பார்த்துட்டு வா." அக்கா சரின்னு சொல்லியிருக்கா. கவுன்சிலிங்குக்குப் பதிவு பண்ணியாச்சு. என்ன கிடைச்சுதுன்னு இதே பலகையில் எழுதறேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு