நெல்லின் மஞ்சள் தண்டுதுளைப்பான்

நெற்பயிர் கதிர் தள்ளியபின், பச்சைக் கதிர்களுக்கிடையே சில கதிர்கள் வெளிறி, மணியின்றி நிமிர்ந்து நிற்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். இவையே வெண்கதிர்கள். இவற்றைக் கண்டதும் கடன்பட்டேனும் நஞ்சு வாங்கித் தெளிப்போர் உளர். அது வீண்செலவாகும். கேடு விளைத்த புழு தண்டினுள்ளே மறைந்திருக்கும். வெளிறிய கதிரும் இனி மணி பிடிக்காது. ஆகவே இப்பூச்சியை முன்னதாகவே இனங்கண்டு கொள்ளல் வேண்டும்.

தோற்றம்

பெண் அந்துப்பூச்சியின் முன்சிறகுகள் வைக்கோல் போன்ற மஞ்சள் நிறமானவை. ஒவ்வொன்றின் நடுவிலும் தெளிவான ஒரு கரும்புள்ளி உண்டு. ஆண் சிறியது, மங்கிய கபில நிறமானது. இவை இரவிற் பறந்து விளக்கொளியை நாடி வரும்.

பரம்பலும் உணவும்

இலங்கை, இந்தியா, மியன்மார், தாய்லாந்து, வியற்நாம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தென்சீனம் முதலிய நெல்விளை நாடுகளில் இது காணப்படும். நெல்லும் காட்டுநெல்லுமே இதன் உணவு. கத்தரி, தக்காளி முதலிய தோட்டப் பயிர்களுக்கு இதனால் தீங்கில்லை. நெல் இல்லாத காலத்தில் இதன் புழு அடிக்கட்டையினுள் உறங்கிக் கிடக்கும்.

வாழ்க்கை

பெண்பூச்சி இலை நுனியையண்டி முட்டைகளைக் குவியலாக இட்டு, மஞ்சட்கபில மயிரினால் மூடிவிடும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெளிவரும் புழுக்கள் நூலிற் தொங்கிக் காற்றினாற் பரவி, இலைமடலின் வழியே தண்டைத் துளைத்துட்புகும். முதிர்ந்த புழு ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் நீளமாகும். அது தண்டினடியிலேயே கூட்டுப்புழுவாகும்.

மட்டம் வெடிக்கும் பருவத்திற் தாக்கினால் நடுக்குருத்துக் காயும். இழுத்தால் எளிதிற் கழன்று வரும். அப்போது பயிர் புதுமட்டம் வெடித்து ஓரளவு ஈடுசெய்யும். குடலைப் பருவத்திற் தாக்கினால் வெண்கதிர் தோன்றும், அதற்கு ஈடில்லை.

செய்யவேண்டியவை

1. அறுவடையின்போது தாளை நிலத்தையொட்டி அறுக்குக. பின்னர் அடிக்கட்டைகளை உழுது நீர் கட்டி அழுகவிடுக. உறங்கும் புழு அங்கேயே மடியும்.

2. நாற்று நடுவோர் நடுமுன் இலை நுனிகளைக் கிள்ளி, முட்டைகளை அகற்றுக. விதைப்பு வயலில் வாரம் ஒருமுறை சுற்றிப் பார்த்து, முட்டையுள்ள இலைகளைச் சேர்க்குக.

3. சேர்த்த முட்டைகளை உடனே அழிக்கற்க. சிறிது மண்ணெண்ணெய் விட்ட நீர்த்தட்டத்தின் நடுவே சிரட்டையில் வைத்து வரம்பில் விடுக. வெளிவரும் புழுக்கள் நீரில் விழுந்து மடியும். முட்டைகளினுள் வளர்ந்த சிறு குளவிகளோ பறந்து வயலை அடைந்து, எஞ்சிய முட்டைகளை அழிக்கும்.

4. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடற்க. இடவேண்டியதைப் பிரித்து இடுக.

5. ஒரு வெளியிலுள்ளோர் யாவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விதைக்குக. முன்னும் பின்னுமாக விதைத்தால், ஒருவர் வயலிற் பெருகிய பூச்சி அடுத்தவர் வயலுக்கு இரையைத் தேடிச் செல்லும்.

நெல்லையன்றி வேறு பயிரில் வாழ மாட்டாமை இப்பூச்சியின் பலவீனம். ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையில் அதற்கு உறைவிடம் கொடாதிருப்பதே கமக்காரர் கையிலுள்ள மலிவான மருந்தாகும்.