கொத்தமல்லி விதைக்கும் பிள்ளைக்கு

பிள்ளை, கொத்தமல்லி மிதமான வெயிலும் இளங்குளிரும் கேட்கிற செடி. நம் இரத்தினபுரியிலோ வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஆனாலும் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் அது வளரும். கைத்திறனைவிட உன் குணத்தைத்தான் அது கேட்கும்.

1. காலத்துக்குப் பணி. நமக்கு மழை குறைவது ஜனவரி, பெப்ரவரியில். அதனால் டிசம்பர் நடுவில் விதை. நாற்றுக்கு மேலே பொலித்தீன் கட்டு. மே மாதம் பருவமழை இறங்கிவிட்டால் வேர் அழுகும். 2017 மே வெள்ளத்தை இரத்தினபுரியில் யாரும் மறக்கவில்லை. வானத்தோடு வழக்காடி வென்றவர் இல்லை.

2. சோதித்து நம்பு. கடை மல்லி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது, பழசாகவும் இருக்கும். பத்து மல்லி மணியை ஈரத்துணியில் முடிந்து வை; முளைத்தால் மிச்சத்தை விதை. என் அம்மாயி சோதிக்காத விதையை மண்ணில் போட்டதே இல்லை.

3. மென்மையாகத் தொடு. ஒவ்வொரு மணிக்குள்ளும் இரண்டு விதை உண்டு. உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பிரி. இடித்தால் முளை நசுங்கும். ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் போட்டு மூடு.

4. மண்ணை மதி. தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் மல்லிக்கு ஆகாது. மக்கிய சாணமும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் கலந்துகொள். பாத்திக்காக லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டை மட்டும் வெட்டாதே, மழையில் சரியும். 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்தது நம் பக்கத்து மாவட்டமான கேகாலையில்தான். இடமில்லையென்றால் பழைய பால்வாளியின் அடியில் ஓட்டை போட்டு விதை.

5. பொறுத்திரு. முளைக்கப் பத்து நாளும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். தோண்டிப் பார்க்காதே. பிடுங்கியும் நடாதே, ஆணிவேர் அறுந்த செடி இலை விடுமுன்னே பூத்துவிடும். கொழுந்து மலையில் பெரியவர்கள் சொல்வார்கள்: அவசரக்காரி கூடையில் முற்றல் இலைதான் சேரும்.

6. அளவாக எடு. ஆறு வாரத்தில் இலை கிள்ளலாம். வெளி இலையை எடு, நடுக்குருத்தை விடு. சில செடிகளை முழுதாகப் பூக்க விட்டுவை. எல்லாவற்றையும் இன்றே சமைத்தால் நாளைக்கு விதை ஏது?

7. அறுவடையில் விழிப்பாயிரு. மூன்று மாதம் கடந்ததும் காய் பழுப்பாகும். பச்சை நாற்றம் போய் நல்ல வாசம் வரும். பனி ஈரம் காயுமுன் அறுத்தால் மணி உதிராது. ஏப்ரல் மாலையில் இடிமழை வரும். ஆகவே கட்டுகளை இஸ்தோப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே சாக்கு விரி. நன்றாகக் காய்ந்தபின் சுளகில் புடைத்தெடு.

8. பகிர்ந்து கொடு. 2020இல் ஊரடங்கு போட்டுக் கடைகள் மூடிக்கிடந்தபோது, மல்லி இருந்த லயக் காம்பராவிலிருந்து இல்லாத காம்பராவுக்குப் பிடிபிடியாகப் போனது. தடிமல் வந்த பிள்ளைக்கு இஞ்சியும் மல்லியும் அவித்த தண்ணீர் கொடுக்காத லயம் நம் பக்கத்தில் இல்லை. உன் முதல் பிடியை அடுத்த விதைப்புக்கு வை, இரண்டாவது பிடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடு. அப்புறம் மிஞ்சுவதுதான் உன் விளைச்சல்.

வருகிற டிசம்பரில் ஒரு பிடி போதும், பிள்ளை. தயங்காமல் விதை.