தன்மை நோக்கில் ஓர் ஆட்டம்: தொடக்க நிலையினர்க்குச் சில பாடங்கள்



இலக்கண வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களைப் பயின்றிருக்கிறோம். கணினி ஆட்டங்களுக்கும் இந்த இடப் பாகுபாடு உண்டு என்றால் நம்மில் பலர் வியப்படைவோம். ஆட்டத்தின் நாயகியைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி, அவள் ஓடுவதையும் குதிப்பதையும் நாம் வெளியிலிருந்து பார்த்தால் அது படர்க்கை ஆட்டம். அவ்வாறின்றி, அவள் கண்களே நம் கண்களாகி, திரையில் அவள் கைகள் மட்டும் தெரிந்தால் அது தன்மை ஆட்டம். அக்கையில் ஒரு சுடுகருவி இருந்து, குறிபார்த்துச் சுடுவதே முதன்மைச் செயலாக அமையுமானால் அதனை 'ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர்' என்பர். சுருக்கமாக எஃப்.பி.எஸ்.

இவ்வாட்டங்களைக் குறித்து நம் வீடுகளில் இருவகைப் பேச்சைக் கேட்கிறோம். "இதெல்லாம் பையன்கள் விளையாட்டு" என்பது ஒன்று. "துப்பாக்கி ஆட்டம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும்" என்பது மற்றொன்று. இரண்டையும் ஆராயாமல் ஏற்பதும் சரியன்று, ஆராயாமல் தள்ளுவதும் சரியன்று. எனவே இவ்வாட்டத்தின் அடிப்படைகளை முதலில் கற்று, பின்னர் அவ்விரு பேச்சுகளையும் எடுத்து நோக்குவோம்.

வரலாற்றுச் சுருக்கம்

1973-74ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், இளைஞர் சிலர் 'மேஸ் வார்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினர். ஆடுவோர் ஒரு புதிர்ப் பாதைக்குள் நடந்து ஒருவரையொருவர் தேட வேண்டும். எதிரே வருபவர் திரையில் ஒரு பெரிய கண்விழியாகத் தோன்றுவார். இவ்வகை ஆட்டங்களுக்கு அதுவே முன்னோடி. 1992இல் 'உல்ஃபன்ஸ்டைன் 3டி', 1993இல் 'டூம்' ஆகியவற்றை இட் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது. 'டூம்' வந்த பின்னரே இவ்வகை உலகெங்கும் பரவியது. அந்நிறுவனமே 1996இல் தந்த 'குவேக்' ஆட்டத்தில் மேலும் கீழும் அண்ணாந்தும் குனிந்தும் பார்க்க முடிந்தது. 1998இல் 'ஹாஃப்-லைஃப்', 1999இல் 'கவுன்டர்-ஸ்ட்ரைக்', 2001இல் 'ஹேலோ' என வரிசை வளர்ந்தது.

கருவிகளும் விரல்களும்

கணினியில் ஆடுவோர்க்கு வலக்கையில் மவுஸ், இடக்கையில் விசைப்பலகை. மவுஸ் நம் கழுத்து, விசைப்பலகை நம் கால்கள் என்று கொண்டால் குழப்பம் வாராது. டபிள்யூ விசை முன்னே செல்ல, எஸ் பின்னே செல்ல, ஏ இடப்பக்கம் நகர, டி வலப்பக்கம் நகர. மோதிர விரல் ஏ மீதும், நடுவிரல் டபிள்யூ மீதும், ஆள்காட்டி விரல் டி மீதும் அமர வேண்டும். எஸ் விசைக்கு நடுவிரல் இறங்கிவரும். கட்டைவிரல் ஸ்பேஸ் பார் மீது இருந்து குதிக்க உதவும். சுண்டுவிரலுக்கு ஷிப்ட், கண்ட்ரோல் ஆகிய விசைகள். அவை ஓடவோ மெல்ல நடக்கவோ குனியவோ ஆட்டத்திற்கு ஏற்பப் பயன்படும்.

இந்த நான்கு விசை முறை தொடக்கத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. அம்புக்குறி விசைகளில் ஆடியவர்களே மிகுதி. 1997இல் ஒரு பெரிய 'குவேக்' போட்டியில் டென்னிஸ் ஃபாங் என்னும் ஆட்டக்காரர் வென்று, அவ்வாட்டத்தை ஆக்கியோருள் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றார். அவர் கையாண்ட விசை அமைப்பைப் பலர் பின்பற்றியதால் அது பரவிற்று.

முதற் பாடம்: பார்த்தல்

புதிதாக வருபவர் இடர்ப்படுவது சுடுவதில் அன்று. நடப்பதையும் பார்ப்பதையும் இரு கைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, அவற்றை ஒரே நேரத்தில் செய்வதில்தான் இடர்ப்படுகிறார். ஆகவே முதலில் கால்களை மறந்துவிடலாம்.

எதிரி இல்லாத ஓர் அறையில் நாயகியை நிறுத்துவோம். திரையின் நட்ட நடுவில் ஒரு சிறு கூட்டல் குறியோ புள்ளியோ இருக்கும். அதுவே நம் பார்வையின் நுனி. அறையிலுள்ள விளக்கு, கதவின் கைப்பிடி, சுவரின் மூலை என ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தக் குறியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தப் பழகுவோம். விரைவு வேண்டா, நின்றால் போதும்.

மவுஸ் மிகையாகத் துள்ளினால் அமைப்புப் பகுதியில் அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். மேசை விரிப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மவுஸை இழுத்தால் நாயகி ஏறத்தாழ அரைவட்டம் திரும்புவது தொடக்க நிலைக்கு ஏற்ற அளவு. பெரிய திருப்பத்திற்கு முழங்கையையும், சிறிய திருத்தத்திற்கு மணிக்கட்டையும் பயன்படுத்துவது நலம்.

இரண்டாம் பாடம்: நடத்தல்

இப்பொழுது கால்களைச் சேர்ப்போம். தொடக்கநிலையில் ஆடுபவர் பெரும்பாலும் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார், அல்லது கூரையில் பார்வை சிக்கித் தவிப்பார். தெருவில் நடக்கும்போது எதிரே வருபவர் முகத்தைப் பார்த்து நடப்பதுபோல, கூட்டல் குறியைக் கண் மட்டத்தில் வைத்து ஒரு நீண்ட தாழ்வாரத்தில் போய்த் திரும்பிப் பழக வேண்டும். பின்னர் கதவுகளின் வழியே இடிக்காமல் நுழைந்து வெளிவர வேண்டும்.

அடுத்தது நண்டு நடை. முகத்தைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்வதுதான் அது. இதற்கு நல்லதொரு பயிற்சி உண்டு. ஒரு தூணின் எதிரே நின்று, கூட்டல் குறியைத் தூணின்மேல் வைத்து, டி விசையை அழுத்தி வலப்பக்கம் நகர்வோம். நகர நகரத் தூண் திரையின் இடப்பக்கம் விலகும். அதற்கேற்ப மவுஸை மெல்ல இடப்பக்கம் திருப்பினால், தூணைப் பார்த்தபடியே அதனைச் சுற்றி வலம் வந்துவிடலாம். பின்னர் ஏ விசையால் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இப்பயிற்சி கைவந்தவர் பாதி ஆட்டத்தைக் கற்றவர் ஆவார்.

தலைசுற்றல் பற்றி ஒரு சொல். கண்கள் "நகர்கிறோம்" என்கின்றன. உட்செவியோ "அசையவில்லை" என்கிறது. இம்முரண்பாட்டால் சிலருக்குக் குமட்டல் வரும். இது கோழைத்தனம் அன்று, உடலின் இயல்பு. பார்வைக் கோணத்தை அகலப்படுத்துதல், நடக்கும்போது திரை ஆடுவதை அமைப்பில் நிறுத்திவிடுதல், அறையில் விளக்கெரிய வைத்துச் சற்றுத் தள்ளி அமர்தல் ஆகியன உதவும். குமட்டல் தொடங்கியவுடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பொறுத்துக்கொண்டு ஆடினால் கூடுமே ஒழியக் குறையாது.

பழகுவதற்கு ஏற்ற ஆட்டம்

நடக்கப் பழகுவோர்க்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது 2007இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'போர்ட்டல்'. இதற்கு மூலமாக அமைந்தது அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர் குழு 2005இல் செய்த ஆட்டம். அக்குழுவில் ஒருவரான கிம் ஸ்விஃப்ட் என்னும் பெண்மணியே 'போர்ட்டல்' வடிவமைப்பில் முன்னின்றவர். ஆட்டத்தின் நாயகியும் ஒரு பெண்தான். அவள் கையிலுள்ள கருவி உயிரைப் பறிப்பதில்லை. சுவரில் வாயில்களைத் திறக்கிறது. நீலவாயிலில் நுழைந்தால் செம்மஞ்சள் வாயிலில் வெளிவரலாம். உயரத்திலிருந்து ஒரு வாயிலுக்குள் விழுந்தால், அதே வேகத்தோடு மறு வாயிலிலிருந்து பாய்ந்து வெளிவருவோம். இயற்பியல் பாடத்தில் படிக்கும் உந்தம் இங்கே கண்முன் நிற்கிறது.

இவ்வாட்டம் கற்பிக்கும் முறை ஆசிரியர்களும் கருதத்தக்கது. முதல் அறையில் கருவியே கிடையாது, நடந்தால் போதும். பின்னர் நீலவாயிலை மட்டும் திறக்கும் கருவி கிடைக்கும். அதில் நன்கு பழகிய பின்னரே இரண்டாம் வாயிலையும் திறக்கும் ஆற்றல் வரும். நம்மைச் சுடும் பொறிகள் பதினாறாம் அறையில்தான் எதிர்ப்படுகின்றன. ஒன்று படிந்த பின்னரே மற்றொன்று.

மூன்றாம் பாடம்: குறியும் மறைவும்

சுடும் ஆட்டங்களில் வெல்பவர் கை விரைவாக உடையவர் என்று நினைக்கிறோம். உண்மையில், எதிரி எங்கே தோன்றுவான் என்று முன்கூட்டியே எண்ணி, கூட்டல் குறியை அங்கே வைத்திருப்பவரே வெல்கிறார். மூலை திரும்பும்போது குறி தரையில் கிடந்தால், எதிரியைக் கண்டபின் அதைத் தூக்க வேண்டும். தலை மட்டத்திலேயே இருந்தால் சிறு திருத்தமே போதும்.

'கவுன்டர்-ஸ்ட்ரைக்', 'வேலரன்ட்' போன்ற ஆட்டங்களில் ஓடிக்கொண்டே சுட்டால் தோட்டாக்கள் சிதறும். நின்று சுட வேண்டும். விசையை விடாமல் அழுத்தினால் துப்பாக்கி உதைத்து மேல்நோக்கிப் போகும். மூன்று நான்கு தோட்டாக்களாக விட்டுவிட்டுச் சுடுவது முறை. தோட்டா நிரப்பும் நேரத்தில் நாம் வெறுங்கையர் என்பதால், மறைவிடம் சேர்ந்த பின்னரே நிரப்ப வேண்டும். புதியவர்கள் ஒரு முறை சுட்டவுடனே நிரப்பத் தொடங்கி அகப்பட்டுக்கொள்வது வழக்கம்.

மூலைகளைக் கடக்கும்போது சுவரை ஒட்டிச் செல்லாமல் சற்று விலகி நின்று, நண்டு நடையில் சிறிது சிறிதாக மறுபுறத்தைத் திறந்து பார்க்க வேண்டும். காதும் ஒரு கருவியே. ஹெட்போன் அணிந்தால் காலடியோசை இடப்புறம் கேட்கிறதா வலப்புறம் கேட்கிறதா என்று தெரியும். நம் காலடியும் பிறர்க்குக் கேட்கும் என்பதால் மெல்ல நடக்கவும் பழக வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இங்கே முற்றிலும் பொருந்தும்.

கற்பிக்கும் அக்காமாருக்கு

தங்கைக்குக் கற்பிக்கும்போது அவள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்காதிருப்பதே முதல் விதி. "இப்படிக் கொடு, நான் காட்டுகிறேன்" என்று நாம் ஆடினால் நமக்குத்தான் பயிற்சி. சொல்லால் வழிகாட்ட வேண்டும். "பார்த்து ஆடு" என்பதனால் பயனில்லை. "குறியைக் கதவின் நடுவுக்குக் கொண்டு வா" என்றால் அவளால் செய்ய முடியும். "இது சுலபம்" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. சுலபமானதும் தனக்கு வரவில்லையே என்று அவள் சோர்ந்துபோவாள். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் "எந்தப் பக்கமிருந்து சுட்டார்கள்?" என்று கேட்க வேண்டும். விடை தெரிந்தால் அந்தத் தோல்வி ஒரு பாடமாகிறது. அரை மணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரு பேச்சுகளுக்கு விடை

இனி முதற் பேச்சுக்கு வருவோம். இடவெளியை மனத்தில் திருப்பிப் பார்க்கும் தேர்வுகளில் ஆண்களைவிடப் பெண்கள் சராசரியாகக் குறைந்த மதிப்பெண் பெறுவதுண்டு. 2007இல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெங், ஸ்பென்ஸ், பிராட் ஆகியோர், இத்தகைய ஆட்டங்களில் பழக்கமில்லாத மாணவர் சிலரைப் பத்து மணி நேரம் ஒரு சுடும் ஆட்டத்தில் ஈடுபடுத்தினர். இருபாலாரும் முன்னேறினர், பெண்களின் முன்னேற்றமே மிகுதி, இடைவெளியும் குறைந்தது. சில மாதங்கள் கழிந்தும் அப்பயன் மறையவில்லை. அமைதியான புதிர் ஆட்டம் ஆடியவர்களிடம் இம்மாற்றம் காணப்படவில்லை. சிறு எண்ணிக்கையினரிடம் நடந்த ஆய்வுதான் இது. எனினும் "பிறவியிலேயே வராது" என்று பெண்களிடம் சொல்லப்படும் ஒன்று, வாய்ப்புக் கிடைக்காமையாலும் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது. பெண்களை ஊக்குவிக்க 'வேலரன்ட்' ஆட்டத்தில் 'கேம் சேஞ்சர்ஸ்' என்னும் போட்டி வரிசை 2021இல் தொடங்கப்பட்டதும் இங்கே நினைக்கத்தக்கது.

இரண்டாம் பேச்சு பெற்றோரும் அருட்சகோதரியரும் எழுப்பும் நியாயமான கவலை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானத்தின்படி, வன்முறை ஆட்டங்களுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறிய தொடர்பு காணப்படுகிறது. ஆனால் கொடிய வன்முறைக்கு இவ்வாட்டங்களே காரணம் என்று கூறப் போதிய சான்று இல்லை. ஆகவே அச்சத்தைவிட அளவும் தேர்வுமே தேவை. ஐரோப்பாவின் பெகி அமைப்பு 2003 முதல் வயது மதிப்பீடு தருகிறது. 'போர்ட்டல்' ஆட்டத்திற்கு 12, 'வேலரன்ட்' ஆட்டத்திற்கு 16 என்று குறித்துள்ளது. ஆட்டத்தின் அட்டையிலோ பதிவிறக்கும் பக்கத்திலோ இத்தகைய எண்ணைப் பார்த்த பின்னரே அனுமதிக்கலாம். நேரத்தைப் பொறுத்தும் விழிப்பு வேண்டும். ஆட்டத்தை அடக்க முடியாத நிலையை உலகச் சுகாதார அமைப்பு தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துள்ளது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

இன்னுமொன்று. இணையத்தில் ஆடும்போது பெண்குரல் கேட்டவுடன் ஏளனம் செய்வோர் உளர். அதற்கு அஞ்சி ஆட்டத்தையே விட்டு ஓடுவோர் பலர். பேச்சை அணைக்கும் விசையும் புகார் செய்யும் வழியும் எங்கே உள்ளன என்பதை, சுடக் கற்கும் முன்னரே கற்க வேண்டும். உண்மைப் பெயர், பள்ளி, ஊர் எதையும் அறியாதவரிடம் சொல்லலாகாது. நாமும் பிறரை ஏளனம் செய்யலாகாது. தோற்றவரிடம் "நன்றாக ஆடினீர்கள்" என்று சொல்லி விடைபெறுவது நல்ல மரபு.

தோழியரே, தன்மை ஆட்டத்தில் நாம் பிறர் கண்வழி பார்க்கிறோம். திரைக்கு வெளியே, புதிதாக ஒன்றைக் கற்கத் தடுமாறும் தங்கையின் கண்வழியும் பார்க்க அறிந்தவரே நல்ல ஆசிரியர். இவ்விடுமுறையில் ஒருத்திக்காவது தூணைச் சுற்றி வரக் கற்றுக் கொடுப்போம். மவுஸ் மட்டும் அவள் கையிலேயே இருக்கட்டும்.